செவ்வாய்க்கிழமை, நான்காம் எந்திரம்

திருவிழா நேற்றோடு முடிந்தது என்கிறார்கள்.
எனக்கு இன்றுதான் தொடக்கம்.
காலை ஏழு மணிக்குச் சலவைக்கடைக் கதவைத் தூக்கினால்
சாப்பல்டவுன் சாலை நெடுக மழையில் ஊறிய இறகுகள்.
ஒரு புறா
தன்னுடையதல்லாத ஊதா நிறத்தை
அலகால் புரட்டிப் பார்க்கிறது.

சுவரில் முதலாளி எழுதி ஒட்டியிருக்கிறார்:
இறகு போடக் கூடாது. சேறு போடக் கூடாது.
ஜிகினாத் துணிக்கு நாங்கள் பொறுப்பல்ல.
அந்த ஆணியில்தான் என் கோட்டை மாட்டினேன்,
எழுத்து மறையும்படி.

முதலில் வந்தவள் டெல்சீன்.
மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த கையோடு,
ஒரு பையில் சீருடை,
இன்னொரு பையில், குப்பைப் பைதான்,
நேற்றைய கடல்ராணி.
"ரெண்டையும் ஒண்ணாப் போடலாமா வெர்லின்?"
போடக் கூடாதுதான்.
போட்டோம்.
வட்டக் கண்ணாடிக்குள்
வெள்ளைச் சட்டையும் பவளப் பாவாடையும்
கழுத்தோடு கழுத்து பிடித்துச் சுற்றின.
சண்டையா ஆட்டமா, தெரியவில்லை.
பதினாறாம் படுக்கைக்காரர் இரவு சொன்னாராம்,
"சிஸ்டர், உங்க காதுல ஏதோ ஒட்டியிருக்கு."
"தெரியும், ஒட்டட்டும்" என்றாளாம்.
சொல்லிக்கொண்டே பெஞ்சில் தூங்கிப்போனாள்.

பாஸ்டேரில் கிறிஸ்துமஸுக்கு ஆடுவதை
இங்கே ஆகஸ்டுக்கு மாற்றிவிட்டோம்.
யார்க்ஷயர் டிசம்பரில் வெற்று இடுப்போடு ஆட
எந்த முன்னோருக்கும் தைரியம் வராது.
ஆகஸ்டிலும் மழை பெய்தது,
அது வேறு கதை.
நனைந்த முரசுத் தோலை
ரொட்டிக்கடை அடுப்போரம் காயவைத்துவிட்டு
மறுபடி அடித்தார்கள்.
இனிப்பு ரொட்டி வாசத்தோடு
ஊர்வலம் மேட்டில் ஏறியது.

கான்ராய் வந்தான்,
பொய்க்கால் பேய்க்காக அவனே தைத்த கால்சட்டையோடு.
ஒரு காலுக்கு ஒரு எந்திரம் வேண்டும், அவ்வளவு நீளம்.
பதினொரு வருடமாக அவன் ஓட்டும் பஸ்ஸின்
மாடி ஜன்னலை
நேற்றுத்தான் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தானாம்.
உள்ளே ஒரு பையன் மூக்கு நோண்டிக்கொண்டிருந்தானாம்.
"பயந்துட்டானா?"
"இல்ல. கையை எடுத்துட்டுச் சல்யூட் அடிச்சான்."
சொல்லிவிட்டு உலர்த்தியின் மேல்
ஒரு ஜானிகேக் பொட்டலத்தைச் சூடாக வைத்தான்.
கடை முழுக்க எண்ணெய் வாசம்.
முதலாளியின் பட்டியலில் அது இல்லை.

டுவேனின் மகள் இறக்கையைக் கழற்ற மாட்டேன் என்றாள்.
ஆறு வயது. நேற்றிலிருந்தே கழற்றவில்லையாம்.
துவைப்பதென்றால்
அவளையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.
ஈரத்துணியால் துடைத்து அனுப்பினேன்,
காசு வாங்கவில்லை.

அப்புறம் லெஷெக்.
போலந்துக்காரர், பேசவே மாட்டார்.
ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, வியாழக்கிழமை நேர்காணலுக்கு.
நான் கவனிக்கவில்லை,
அவர் நான்காம் எந்திரத்தில் போட்டுவிட்டார்.
வெளியே எடுத்தபோது
காலர், கைமடிப்பு, பொத்தான் இடுக்கு,
எல்லாம் பொன்.
"இன்னொரு தடவை இலவசமாப் போட்டுத்தரேன்" என்றேன்.
சட்டையை விளக்கடியில் தூக்கிப் பிடித்தார்.
"போகுமா?"
பத்தொன்பது வருடமாக இந்தக் கடையில் இருக்கிறேன்.
பிப்ரவரி சவ அடக்கத்தில்
கறுப்புக் கோட்டின் ஓரத்தில் ஆகஸ்டு மின்னியதைப் பார்த்திருக்கிறேன்.
பொய் சொல்ல மனம் வரவில்லை.
"போகாது" என்றேன்.
சிறிது நேரம் நின்றார்.
பிறகு ஒழுங்காக மடித்து,
பொன் உள்பக்கம் போகாமல் மடித்து,
எடுத்துக்கொண்டு போனார்.

மாலை ஆறுக்கு முதலாளி போன் செய்தார்.
"எந்திரத்துல இறகு கிறகு ஒண்ணும் இல்லையே?"
நான் தரையில் மண்டியிட்டிருந்தேன்.
முழங்கை வரை வடிகட்டிக்குள்.
விரலில் ஏதோ நீளமாகச் சிக்கி,
இழுக்க இழுக்க
வந்துகொண்டேயிருந்தது.
"இல்லை சார்" என்றேன்,
"எல்லாம் சுத்தமா இருக்கு."