இரண்டாம் அளவை

கிளினிக் கொப்பியை அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போய்
ஆஸ்பத்திரி வீதியில் போட்டோகொப்பி அடித்தேன்.
கடைப்பெடியன் எக்கோத் தாளைத் தூக்கிப் பார்த்து,
"வெயில்ல வைக்காதேங்கோ அக்கா, வெளிறிப்போம்" என்றான்.
மிச்சக்காசு வாங்க மறந்து வந்துவிட்டேன்.

பெரியாஸ்பத்திரி டொக்டர் மூன்று நிமிடத்தில் சொன்னது:
இதயம் இருபத்தைந்து வீதம்தான் பிழியுது,
குழாய் மூன்றிலும் அடைப்பு,
வெட்டினால் மேசையிலேயே போகலாம்,
குளிசையோடு இருக்கட்டும்.
அவர் கெட்டவர் இல்லை.
எங்களுக்குப் பின்னால் வரிசை
கன்டீன் வரைக்கும் நின்றது.

அப்பா நாற்பது வருடம் நில அளவையாளர்.
காரைநகரில் இருந்து மிருசுவில் மட்டும்
வேலிச் சண்டை முற்றினால்
குலவீரசிங்கத்தாரைக் கூப்பிடு என்பார்கள்.
முதல் அளந்தவன் பிழை என்ற நம்பிக்கையில்தான் கூப்பிடுவது.
அவர் சங்கிலி இழுத்து, பூவரச வேருக்குள் கல்லைத் தோண்டி,
அனேகமாக முதல் அளந்தவனின் கோட்டிலேயே வந்து நிற்பார்.
கூலியைக் குறைத்துக் கொடுப்பார்கள்.
அல்வாயில் ஒருமுறை தேத்தண்ணியும் இல்லை.

இது தெரிந்தும்
சனிக்கிழமை கொழும்பில் இருந்து வருகிறவருக்கு
நம்பர் போட்டேன். நாற்பத்தொன்று.
"கண் காட்டப் போறம்" என்று கூட்டிப் போனேன்.
கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தார்.
சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சிவப்பு இதயம்,
நான்கு அறையும் திறந்தபடி.
"கண் நல்லா வீங்கிப்போய்க் கிடக்கு" என்றார்.
அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

புது டொக்டர் பழைய தாளைப் பார்க்கவே இல்லை.
குளிர்ந்த பசையைத் தடவித் தானே அளந்தார்.
முப்பது, என்றார்.
வெட்டலாம்.
ஐந்து பேரில் ஒருவர் எழும்ப மாட்டார்.
எனக்கு நாலு பேர்தான் காதில் விழுந்தது.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டார்:
"தம்பி, இருபத்தஞ்சும் முப்பதும்
ஒரே கல்லில இருந்து அளந்ததோ?"
டொக்டருக்கு விளங்கவில்லை.
"வெயிலுக்குச் சங்கிலி நீளும்" என்றார் அப்பா.
"அரைக் குழி அங்கால இங்கால வரும்.
உங்களைப் பிழை சொல்லேல்லை."

ஓட்டோவில் தட்டாதெருச் சந்தி தாண்டும் வரை
பேசவில்லை.
பிறகு சட்டைப்பையில் இருந்து
நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.
அதே எக்கோத் தாள், வேறு கடையின் போட்டோகொப்பி.
பின்பக்கத்தில் யாரோ ஒரு டொக்டரின் கிறுக்கல்: 28.

"எப்ப போனனீங்கள்?"
"போன செவ்வாய். மானிப்பாய்ப் பக்கம்.
உனக்குக் கோயிலுக்கெண்டு சொன்னனான்."
"அவர் என்ன சொன்னவர்?"
"மகளோட யோசியுங்கோ எண்டார்."

எனக்குக் கோபம் வந்தது.
அழுகைதான் முந்தியது.
ஓட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பிவிட்டார்.

இரவு மருந்துக்குப் பிறகு பென்சில் கேட்டார்.
கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
வரைபடத்துக்கு எழுதுகிற அந்தக் குத்தெழுத்தில்
25, 28, 30. கீழே திகதி.
அதற்குக் கீழே, வழக்கம்போல:
கடும் வெயில். காற்றில்லை.
இரு பகுதியாரும் சமூகம்.

முடிவு என்று எழுதிக் கோடு போட்டு
இடத்தை வெறுமையாக விட்டார்.

தன் ஒப்பத்தை வைத்துவிட்டு
கொப்பியை என் பக்கம் திருப்பினார்.