பசை போதவில்லை

பழையபேட்டை மாடியறையில்
ஜன்னலைத் திறந்தால் மலை.
மழை விட்ட அரைமணி நேரத்துக்கு மட்டும்
அதற்கொரு நிறம் வருகிறது.
சாம்பல் என்றால் பொய்.
ஊதா என்றால் அதைவிடப் பெரிய பொய்.

முதலில் வாட்டர் கலர்.
பள்ளிக்கூட டிராயிங் தாள்
அப்பளம்போல் உப்பிக்கொண்டது.
மலைக்கு நடுவே ஒரு குளம்.

அக்ரிலிக் வாங்கியது மே மாதம்.
கிருஷ்ணகிரி வெயிலில்
தட்டிலிருந்து தாளுக்குப் போவதற்குள்
தூரிகை குச்சியாகிவிட்டது.

ஆயில் காயப் பதினோரு நாள்.
பதினோரு நாளும் கொசுக்கள்
மலையேறின.
ஒன்றுகூட இறங்கவில்லை.

பெங்களூரா மாம்பழச் சாற்றில்
ஒருநாள் வெயிலைத் தீட்டினேன்.
மாலைக்குள் எறும்புகள் வெயிலைத் தின்றுவிட்டு
தாளை மட்டும் வைத்துவிட்டுப் போயின.
கோபம் வரவில்லை,
வரிசை அழகாக இருந்தது.

நான் கிரானைட் கம்பெனியில் பில் போடுகிறவள்.
என் பில்லில் பாறைக்குப் பெயர் பாரடைசோ.
சதுர அடி, தடிமன், போய்ச்சேரும் துறைமுகம்.
நிறம் என்ற கட்டத்தில்
'மல்டி' என்று அடிக்கச் சொன்னார்கள்.
ஆறு வருஷமாக அடிக்கிறேன்.

அறுவை மிஷினுக்குக் கீழே தேங்கிய குழம்பை
ஆவின் கவரில் பிடித்துத் தந்தார் திம்மராஜ்.
"பாத்திரம் தேய்க்கவா மேடம்?
காய்ஞ்சா மூக்குல துணி கட்டிக்கோங்க.
எங்களுக்குப் பழகிடுச்சு."

மொட்டைமாடியில் காயவைத்து
பழைய வேட்டியில் சலித்து
புளியங்கொட்டை வறுத்துத் தோல்நீக்கி அரைத்துக்
காய்ச்சிய பசையில் குழைத்து
அட்டையில் இழுத்தேன்.
தூரிகை சரிப்படவில்லை,
காலாவதியான ஏ.டி.எம். கார்டால்.

ஈரத்தில் வந்தது
அந்த நிறம்.
கையெடுக்கப் பயமாக இருந்தது.
எதிரே மலை, இங்கே மலையின் மாவு.

காய்ந்ததும் வெளுத்துப்போனது.
ராத்திரி பொடிப்பொடியாக ஒரு சத்தம்,
பல்லி என்று புரண்டு படுத்தேன்.
விடிந்தால்
படத்தில் பாதி தரையில்.

கூட்டி அள்ளினேன்.
என் முடி ஒன்றும் பாச்சை இறகும்
சேர்ந்தே வந்தன.
எடுக்கவில்லை, டப்பாவில் போட்டு மூடினேன்.

நோட்டில் எழுதியது:
மாவு ஏழு ஸ்பூன், பசை இரண்டு, போதவில்லை.
நாளை மூன்று.
பார்க்க வருகிறவர்களுக்கு
ஒரு சொம்பு தண்ணீர்.
படத்தின்மேல் தெளிக்க.