பட்டியலில் இல்லாத அட்டை

யானைக்கல் பாலத்தில் லாரிகள் மட்டும் போகும் நேரம்.
சிம்மக்கல் ஸ்கேன் சென்டர், இரண்டாம் மாடி.
பதினெட்டில் வைத்த ஏ.சி.யில்
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு நான்.

மாலையில் கெர்னலைப் புதுப்பித்தவள் நானேதான்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.
இடம் போதவில்லை என்று பழைய கெர்னலை அழித்தவளும் நானேதான்.
சர்வர் எழுந்தது, தன் சின்ன டிஸ்கிலிருந்து.
பின்னால் இருக்கும் எட்டும் எழவில்லை.

அட்டை இருந்தது.
பி.சி.ஐ. வரிசையில் அதன் எண் இருந்தது.
டிரைவரும் ஏறித்தான் இருந்தது.
ஆனால் டிரைவர் வைத்திருக்கும் பட்டியலில்
இந்த அட்டையின் எண் இல்லை.
பழசென்று
யாரோ எங்கோ
ஒரு வரியை எடுத்திருக்கிறார்.

எனக்கு இது தெரியும்.
போன தேர்தலில் செல்லூர்ப் பள்ளிக்கூடத்தில்
அடையாள அட்டையை நீட்டியபடி நின்றாள் அம்மா.
ஆள் இருக்கிறாள். அட்டை இருக்கிறது.
முகம்கூட ஓரளவுக்கு ஒத்துப்போகிறது.
பெயர் இல்லை.
பூத் அதிகாரி நல்ல மனுஷர்,
மூன்று முறை விரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.
டிரைவரும் நல்லதுதான்.

டாக்டர் ஞானசௌந்தரி போனில்:
"சகாயராணி, பேரையூர் பஞ்சவர்ணம்.
ஏழு மணிக்குத் தியேட்டர். படம் வேணும்."

படம் எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்ல.
விலா எலும்பில் கொஞ்சம் முதல் டிஸ்கில்,
நுரையீரலின் ஓரம் ஐந்தாவதில்,
எந்த ஒன்றிலும் முழுசாய் இல்லை பஞ்சவர்ணம்.
எட்டையும் ஒன்றென்று சொல்லி
கெர்னலை ஆறு வருஷமாய் நம்பவைத்திருந்தது அந்த அட்டை.
ஒரு டிஸ்க் போனால்
மற்ற ஏழும் கணக்குப் போட்டு அவளை எழுதிவிடும்.
இரண்டு போனால் எழுத ஆளில்லை.

மூன்றாவதில் ஆரஞ்சு விளக்கு.

"ஒரு வாரமாக் கீச்சுக் கீச்சுன்னுச்சும்மா" என்றார் ஒச்சப்பன்.
"பல்லின்னு நெனச்சேன்.
வடக்க சொன்னா காசு வருமாம்."

டிரைவரின் மூலத்தை இறக்கினேன்.
ஏழாயிரம் வரி.
அதில் எனக்கு வேண்டியது ஒரு வரி வைக்க இடம்.
அட்டையின் எண்ணை எழுதினேன்.
முதல் முறை பிழை: காற்புள்ளி விட்டுப்போயிருந்தது.
இரண்டாம் முறை, பிழை இல்லாத பிழை,
அதாவது, ஒன்றும் நடக்கவில்லை.
நினைவில் உட்கார்ந்திருந்த பழையதை இறக்காமலே
புதியதை ஏற்றப் பார்த்திருக்கிறேன்.
மணி மூன்றரை.

மூன்றாம் முறை ஏறியது.

ஏறியதும் கெர்னல்
தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டது:
வெளியாள் மாட்யூல், கறைபட்டேன்.
அணைத்து எழுப்பும் வரை போகாத கறை.
அம்மாவின் விரலில்
அன்று படாமல் போன மை
எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு எல்லாம் சீக்கிரம்.
எட்டு விளக்குகள், ஒரே பெயர்.
பஞ்சவர்ணம், வயது நாற்பத்து மூன்று,
இடப்பக்க நுரையீரலில் சுண்டைக்காய் அளவு வெண்மை,
நகராமல், தெளிவாக.
மூன்றாவதை உருவிவிட்டு
அலமாரியிலிருந்த உதிரி டிஸ்கைச் சொருகினேன்.
கட்டி முடிக்கப் பதினோரு மணி நேரம் என்றது திரை.
அதுவரை ஏழில் எதுவும் சாகக்கூடாது.
இதற்கு நான் எழுதக்கூடிய வரி எதுவும் இல்லை.

"பல்லி நின்னுருச்சு போல" என்றார் ஒச்சப்பன்,
கொஞ்சம் ஏமாற்றமாக.

நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன்:
அடுத்த புதுப்பிப்பில் இந்த வரி மறுபடி போய்விடும்,
மறுபடி சேர்க்கவும்.
அதே பைக்குள்
நாலாய் மடித்துக் கிடந்தது ஆறாம் படிவம்,
அம்மாவின் போட்டோ ஒட்டியது,
மற்றபடி வெறுமையாக.
மூன்று சதவீதம் என்றது திரை.
பேனாவைத் திறந்தேன்.