எஞ்சின் குறையும் சத்தம்

முழு வேகத்தில் ஓடும் போட்டை
எந்த ஆலாவும் சட்டைசெய்வதில்லை.
தேங்காப்பட்டணம் முகவாய் தாண்டி
இரண்டு பகல், ஒன்றரை ராத்திரி
மேலே வெறும் வானம்,
உள்ளே டீசல் மணம்.

பிறகு ஸ்ராங்கு கிளீட்டஸ்
எஞ்சினை ஒரு படி இறக்குவார்.
அவ்வளவுதான்.
எங்கிருந்து என்று என்னைக் கேட்காதீர்கள்.
வீஞ்சு முனகும் முன்னே
முப்பது, நாற்பது,
பந்தியில் இலை விரிக்கும் சத்தத்துக்கு
ரோட்டில் போனவர்களும் திரும்பி வருவதுபோல்.

நான் இந்தப் போட்டின் பண்டாரி.
பதினோரு பேருக்கு மரச்சீனி அவிப்பவன்.
மீன் கீறுவதும் நான், குடல் எறிவதும் நான்.
அதனால் ஆள் தெரியும் அவற்றுக்கு.
வேறு யாரும் வந்து நின்றால்
உயரத்திலேயே சுற்றும்.
நான் பின்பக்கம் வந்தால் தாழும்.
பல் தேய்க்க வந்தாலும் தாழும்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன்.
நம்பாது.

கறுப்பாக ஒன்று உண்டு.
தானாக மீன் பிடித்து நான் பார்த்ததில்லை.
ஆலா வாயில் சாளையோடு எழும்பட்டும் என்று
காத்துக் கிடந்து விரட்டும்,
மேலும் கீழும், போட்டைச் சுற்றியும்,
அது களைத்துக் கக்கும்வரை.
கக்கியது தண்ணீரைத் தொடாது.
'கமிஷன்காரன்' என்று பேர் வைத்தான் ஜோபின்.
எல்லோரும் சிரித்தோம்,
முன்பணம் வாங்கியிருந்தவர்கள்
கொஞ்சம் குறைவாக.

விடியும் முன்பு ஆயிரங்கால் தூண்டில் விடுவோம்.
கொக்கியில் கோத்த கணவாய் தாழ்ந்துபோக
எண்ணி ஏழெட்டு நொடி.
அந்த ஏழெட்டு நொடிதான் அவை கடை திறக்கும் நேரம்.
போன நவம்பரில்
பழுப்பு நிறம், எங்களுக்குப் பேர் தெரியாத ஒன்று,
கவ்வியது.
விட முடியவில்லை.
'அண்ணா நிப்பாட்டு' என்றது என் வாய்.
ஓடுகிற கயிற்றை நிறுத்தினால்
யாருடைய கையாவது போகும்.
கிளீட்டஸ் திரும்பிப் பார்க்கவில்லை.
அவர் செய்தது சரிதான்.

சாயங்காலம் வலித்தபோது
நாலு கேரை, ஒரு மயில்மீன்,
பிறகு அது,
நனைந்த பனியன்போல் தொங்கிக்கொண்டு.
கணக்கு நோட்டு வைத்திருந்த றெனால்டு
எந்தக் கட்டத்தில் எழுத என்று பார்த்தான்.
பேனாவை மூடிவிட்டான்.
மற்றவை என் தலைக்கு மேல்
குடலுக்குக் கத்திக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து குடலை உடனே எறிவதில்லை.
பெயின்ட் வாளியில் சேர்த்து மூடிவைப்பேன்.
நாறும். ஜோபின் என் பரம்பரையைத் திட்டுவான்.
விடியக்காலம் அவர்கள் இடப்பக்கம் தூண்டில் விட,
நான் வலப்பக்கம் நின்று எறிவேன்,
ஒவ்வொரு பிடியாக,
கயிறு தீரும்முன் வாளி தீர்ந்துவிடாமல்.
கூட்டம் என் பக்கம் சாயும்.
பாவம் பார்த்து என்று யாரிடமும் சொல்லவில்லை.
இரை மிச்சம் என்றேன்.
அடுத்த நடைக்குக் கிளீட்டஸ்
இன்னொரு வாளி வாங்கித் தந்தார்.

எல்லாம் வருவதில்லை.
சிலதுக்குப் பழைய குடல் இறங்காது,
புதுக் கணவாய்தான் வேண்டும்.
அதற்குப் பிறகும் கொக்கியில் இரண்டு வந்தன.
ஒன்று உயிரோடு.
அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து
கட்டரால் முள்ளை நறுக்கி எடுத்தேன்.
என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டுப் போயிற்று.

ஐஸ் அறை நிறைந்து திரும்புகிறோம்.
மறுபடி முழு வேகம், மறுபடி வெறும் வானம்.
ஓர் ஆலா மட்டும்
வீல்ஹவுஸ் கூரையில் உட்கார்ந்து வருகிறது,
டிக்கெட் எடுக்காதவன்போல்
யார் முகத்தையும் பார்க்காமல்.
மரச்சீனித் துண்டை நீட்டினேன்.
கொத்தி, ருசி பார்த்து, துப்பியது.

டவர் கிடைத்ததும்
எல்லாத் தலையும் போனுக்குள் கவிழ்ந்தன.
முகவாயில் கிளீட்டஸ் எஞ்சினைக் குறைத்தார்.
அது எழுந்து நின்றது.
வீட்டுக்கென்று எடுத்துவைத்த கேரைத் துண்டு
பையில், என் கையில்.
நேராக அதைத்தான் பார்த்தது.