நாற்பதில் ஒன்று

ரோலாவில், சூட்கேஸும் பிரஷர் குக்கரும் விற்கும் கடையின்
உள்ளறை அலமாரியில்
முதல் டிரைசெராடாப்ஸை எடுத்தபோது
"மகனுக்கு எத்தனை வயசு?" என்றார் ரம்ஷீத்.
எனக்குத்தான் என்று சொல்ல
அன்று நாக்கு எழவில்லை.
ஆறு, என்றேன்.
பேரு?
இளம்பரிதி.
ரம்ஷீத் கண்ணூர்க்காரர்.
'இளம்' வரை வந்து
போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

அப்படிப் பிறந்தவன்.

நான் பல் கட்டுகிறவள்.
காசிமியாவில் ஒரு லேப், நாளைக்குப் பதினான்கு பல்.
எந்த வாய்க்குப் போகிறதென்று தெரியாது,
உறையில் எண் மட்டும் இருக்கும்.
அதனால் எந்த மிருகத்தையும்
வாயிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன்.
மீன் தின்கிற ஸ்பைனோசாரஸுக்கு
கறி அறுக்கிற கத்திப் பல் வைத்திருந்தான் ஒருவன்.
வாங்காமல் வந்தேன்.
பெயின்ட் ஈறு தாண்டி உதட்டில் இழுகியிருந்தாலும்
திருப்பி வைத்துவிடுவேன்.
"பையன் ரொம்பக் கண்டிப்பு" என்பார் ரம்ஷீத்.
அவங்கப்பா மாதிரி, என்பேன்.
அப்படி ஒருவரும் இல்லை.

பார்ட்டிஷன் அறையில் என் பங்கு
ஒரு கட்டில், ஒரு கொக்கி,
ஏ.சி.க்கு மேலே ஒரு சாண் பலகை.
பலகையில் பதினேழு பேர்.
எல்லாரும் நாற்பதில் ஒன்று.
அந்தக் கணக்குக்கு நான் நாலு சென்டிமீட்டர்,
மெர்லின் நாலேகால்,
எங்கள் அறை ஒரு சோப்புப் பெட்டி.

ஆகஸ்டில் ஏ.சி. செத்த வாரம்
ரப்பர் கால்கள் தளர்ந்து
டைரனோசாரஸ் மூக்கடித்து விழுந்தது.
வெந்நீரில் முக்கி, நிமிர்த்தி,
சூடு ஆறுமுன் குளிர்ந்த நீரில் பிடிக்க வேண்டும்.
குளிர்ந்த நீருக்கு எங்கே போவது?
அந்த மாதம் ஷார்ஜாவில்
இரண்டு குழாயிலும் வெந்நீர்தான்.
கீழே கரக் கடையில் ஐஸ் வாங்கி பக்கெட்டில் கொட்டி
அதன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன், சுளுக்கு எடுப்பவள் மாதிரி.
குளிக்க நின்ற மெர்லின் கதவைத் தட்டினாள்.
"உள்ள யாருடி?"
"டி.ரெக்ஸ்."
"சீக்கிரம் வரச் சொல்லு."

போன மாதம் ரம்ஷீத்
கல்லாவுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார்.
முதுகுப் பாய் பாதி உடைந்த டைமெட்ரோடான்.
"இதை விக்க முடியாது. இளமுக்குக் கொடுங்க.
இந்த டைனோசரை அவன் ஒட்டிக்குவான்."

அது டைனோசர் இல்லை.
அதற்கும் முந்தியது,
பல்லியைவிட நமக்குக் கிட்டின சொந்தம்.
பேருக்கே இரண்டு அளவுப் பல் என்றுதான் அர்த்தம்.
முன்னால் நீளம், பின்னால் குட்டை.
வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய் என்று
நான் தின்னும் சோற்றுக்கு
அந்த வாயில்தான் முதலில் உலை வைத்தார்கள்.
இதெல்லாம் ரம்ஷீத்திடம் சொல்லவில்லை.
பிறந்தநாள் பை ஒன்றில் போட்டுத் தந்தார்.

சாப்பாட்டு நேரத்தில், லேபில் யாருமில்லாதபோது,
பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் பொடியைக் குழைத்து
உடைந்த இடத்தை எழுப்பினேன்.
முள்முள்ளாக வரி கீறி
சின்ன சக்கரத்தில் மெருகேற்றினேன்.
இருபத்தெட்டுக் கோடி வருஷத்துப் பழைய முதுகில்
புத்தம்புது இளஞ்சிவப்பு.
எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போனில் படத்தைக் காட்டினேன்.
ரம்ஷீத் கண்ணாடியை மாட்டி
இரு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.
இணைப்பு எங்கே என்றே தெரியலையே என்றார்.
இந்த வயசில் இப்படி ஒரு கையா என்றார்.
பத்து ஆயிருக்குமே இப்போ, என்றார்
நான் எண்ணாத வருஷங்களையும் எண்ணி வைத்திருந்தவர்.
"பாருங்க, பெரிய ஆளா வருவான்."

முதன்முறையாக
அவன்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

அலமாரியில் புதிதாக ஒரு பராசாரோலோபஸ்.
வாயைத் திறந்து பார்த்தேன், குறையில்லை.
"இது எனக்கு" என்றேன்.
ரம்ஷீத் பெரிதாகச் சிரித்தார்.
சிரித்தபடியே
ரிப்பன் நீலமா பச்சையா என்று கேட்டார்.