ஆயிரத்து இருபத்தைந்து

சீனக்குடாவில் மழை பிடித்தால்
கடல் கொஞ்சம் மெலிந்துபோகிறது.
கண்ணுக்குத் தெரியாது. கப்பலுக்குத் தெரியும்.
நாலு விரல் கூடுதலாக அமிழ்ந்து நிற்கிறது,
வயிறு நிறையக் கோதுமையோடு.

யோசேவாஸ் படகை விலாவோடு அணைக்கிறான்.
அணியம், நடு, கடையார் என்று மூன்று இடத்தில்
வெள்ளை இலக்கங்கள்மேல் அலை ஏறி இறங்குகிறது.
ஏறியதற்கும் இறங்கியதற்கும் இடையில்
மூச்சைப் பிடித்து வாசிக்கிறேன்:
ஒன்பது எண்பத்திரண்டு.

பிறகு கயிற்றில் கட்டிய பித்தளைக் குடுவை.
மேலே, நடுவில், கப்பலின் அடி மட்டத்தில்.
மூன்று ஆழம், மூன்று தண்ணீர்.
ஐதரோமீற்றர் கண்ணாடிக் கழுத்தை நீட்டி
ஆடி, ஆடி, ஒரு முடிவுக்கு வருகிறது.

மேல்நீர் ஆயிரத்துப் பதின்மூன்று.
நடுநீர் ஆயிரத்து இருபது.
அடிநீர் ஆயிரத்து இருபத்து நாலு.

மேலே கிடப்பது மகாவலி.
எங்கோ தேயிலையில் பெய்து, வயல்களுக்குப் பாய்ந்து,
கொட்டியாரக் குடாவால் உள்ளே வந்து
உப்பின் முதுகில் ஏறிப் படுத்திருக்கிறது.
கூட்டி மூன்றால் பிரித்தால்
ஆயிரத்துப் பத்தொன்பது.

சீஃப் ஆபிசரின் தாளில் முன்கூட்டியே இருக்கிறது
ஆயிரத்து இருபத்தைந்து.
கடல் என்றால் கடல்தானே மிஸ், என்கிறார்.

இந்தக் கப்பல் தனக்கென்று
தண்ணீரில் பறித்த குழியின் கனவளவு
நாற்பதாயிரம் கன மீற்றர்.
அவருடைய கடலை ஊற்றி நிரப்பினால்
நாற்பத்தோராயிரம் தொன்.
என் கடலை ஊற்றினால் இருநூற்று நாற்பது குறைவு.
அந்த இருநூற்று நாற்பது
எந்த வயலிலும் விளையாத கோதுமை.
பேனா பெற்றது.

இடப்பெயர்ச்சி என்கிறது சூத்திரம்.
மூதூரில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.
ஒரு வகுப்பறை. நீளம், அகலம், உயரம்.
அதற்குள் பதினொரு குடும்பம், ஒரு தையல் மெஷின்.
அந்த அடர்த்தியை எவரும் எழுதிவைக்கவில்லை.
கதவோரம் படுத்திருந்த ஜுனைதீனுக்குத் தெரியும்.

ஜுனைதீன். அதற்குத்தான் வருகிறேன்.

போன மார்கழி, இதே துறை, அடைமழை.
என் ரெயின்கோட் தோளில் கிழிந்திருந்தது.
குடுவையை இறக்கவில்லை.
உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன்
ஆயிரத்து இருபத்தைந்து.
நாலு இலக்கம், மூன்று விநாடி.

ஆலைத் தராசு வேறு சொன்னது.
நூற்று எழுபது தொன்னைக் காணோம்.
லொறிகளைத் தட்டிப் பார்த்தார்கள்.
சோற்றுப் பைகளைக் கவிழ்த்தார்கள்.
ஜுனைதீனின் பையில் அரைக் கைப்பிடி கோதுமை,
வீட்டுக் கோழிக்கு, தரையில் கூட்டி எடுத்தது.
நூற்று எழுபது தொன்னில்
அவர்களுக்கு அகப்பட்டது அவ்வளவுதான்.
நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

காணாமற் போனது கோதுமையல்ல, மழை.
ஓர் ஆற்றை அவர்
சோற்றுப் பையில் கடத்தியிருக்கவேண்டும்.

கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு தாள், ஐந்து கிராம்.
காரணம்: நீரின் அடர்த்தி அளக்கப்படவில்லை.
அதை வெட்டிவிட்டு
நான் அளக்கவில்லை என்று எழுதினேன்.
அலுவலகத்தில் கேட்பார்கள்,
அந்தக் கப்பல் போய் ஒரு வருடமாயிற்றே என்று.
கப்பல் போய்விட்டதுதான்.
ஜுனைதீன் கிண்ணியாவில் மீன்வாடியில் ஐஸ் உடைக்கிறார்.
ஒருநாள் பாலத்தில் கண்டு தலையசைத்தார்.
அவருக்கு இன்னும் தெரியாது.
பதிலுக்கு நானும் தலையசைத்தேன்.
கடிதம் அப்போதும் பையில்தான் இருந்தது.

சீஃப் ஆபிசர் பேனாவை நீட்டியபடி நிற்கிறார்.
மேல்நீரை இன்னொரு தரம் மொண்டு பார்க்கிறேன்.
பதின்மூன்று இல்லை, பதினொன்று.
மலையில் இன்னும் பெய்கிறது.
யோசேவாஸ், கயிற்றை அவிழ்க்காதே.
முதலிலிருந்து.