எண்பத்தேழாம் பிளாக்

படிவத்துக்கு நாலு வெள்ளி.
லாபிஸ் பஸ் நிலையத்துக்கு எதிரே
ஒரு டேப்லட்டும் ஒரு தொப்பியும் கொடுத்து,
பின்தங்கிய வீடுகளை எண்ணி வா என்று
மோட்டார்சைக்கிளில் அனுப்பினார்கள்.

மரங்களை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது.
போன மாதம் மூன்று நாள்
டிரோன் வந்து வண்டுபோல் இரைந்து
கெலுவாங் தோட்டத்துச் செம்பனை
பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டுக்கும்
தலைக்கு ஒரு எண் போட்டுவிட்டுப் போனது.
எந்த மரத்துக்கு மஞ்சள் நோய்,
எது காய்க்காமல் ஏமாற்றுகிறது,
எல்லாம் என் கையிலேயே இருந்தது.
ஆபீஸ் கிராணி திறந்து காட்டினார்,
சொந்தப் பிள்ளைகளின் மார்க்கைக் காட்டுவதுபோல.

லயத்தில் நாற்பத்து மூன்று வீடு.
நாற்பத்திரண்டு சுலபம்.
கூரை: தகரம். தண்ணீர்: ஒருநாள் விட்டு ஒருநாள்.
இணையம் என்று கேட்டதும் சிரித்தார்கள்.
சிரிப்புக்குக் கட்டம் இல்லை.

கடைசி வீட்டில் சிவபாக்கியம்
உதிரிப்பழம் பொறுக்கிய கையைக் கழுவியபடி
"ஐ.சி. இல்லங்க" என்றாள்.
பிறந்தபோது பத்திரம் எடுக்க யாரும் போகவில்லை.
பிறகு போனபோது யாரும் எடுத்துத் தரவில்லை.
பன்னிரண்டு இலக்கம் இல்லாமல்
படிவம் அடுத்த பக்கம் போகாது.
நின்றேன். கொசு கடித்தது.

அவள் பின்கதவை ஒட்டி ஒரு மரம்.
பிளாக் 87, வரிசை 04, மரம் 11,
டிவிஷன் 01,
அப்புறம் தோட்டத்துக்கான நாலு இலக்கம்.
எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு.
அழுத்தினேன்.
டேப்லட் ஒரு நொடி யோசித்து
எண்பத்தேழு, ஏப்ரல் பதினொன்று என்று
அவளுக்குப் பிறந்தநாள் கணித்தது.
பச்சை விளக்கு.
நாலு வெள்ளிக்காகத்தான் செய்தேன் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

லைன் கிடைப்பது தண்ணித் தொட்டி மேட்டில்தான்.
ஏறி நின்று அனுப்பினேன்,
நாற்பத்து மூன்று வீட்டையும் ஒரே மூச்சில்.
நான் நின்ற இடத்தையே
எல்லாருக்கும் முகவரியாக எடுத்துக்கொண்டது அது.

ஆகவே ஐந்து மாதம் கழித்து
கிளினிக் வேன் லயத்துக்கு வரவில்லை.
மேட்டு உச்சியில், தொட்டிக்கும்
முனியாண்டி கோயில் சூலத்துக்கும் நடுவே நின்று
ஹாரன் அடித்தது.
ஓட்டுநர் ஹஸ்புல்லா வரைபடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்:
இங்கேதான் நாற்பத்து மூன்று வீடு,
ஒன்றின்மேல் ஒன்றாக.

ஏறி வந்தார்கள். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு,
முட்டிவலிக்காரர்கள் லோரியில்,
எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே.
ஆனாலும் வேன் வந்தது. சர்க்கரை பார்த்தது, கண் பார்த்தது,
பிரஷர் மாத்திரை கொடுத்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மிஸி வாசித்தார்:
"சிவபாக்கியம். ஏப்ரல் பதினொன்று.
முப்பத்தெட்டு வயது. சரியா?"
சிவபாக்கியம் என்னைப் பார்த்தாள்.
வேனைப் பார்த்தாள்.
"சரிதான்" என்றாள்,
எத்தனையோ வருஷம் சொல்லிப் பழகியவளைப் போல.

இறங்கும்போது உண்மையைச் சொன்னேன்.
கோபிப்பாள் என்று நினைத்தேன்.
கொஞ்ச தூரம் பேசாமல் நடந்து
"அந்த மரத்த எப்ப வெட்டுவாங்க?" என்று கேட்டாள்.

டேப்லட்டைத் திறந்தேன்.
நட்ட ஆண்டு: 2001.
மறுநடவு: 2026, பிப்ரவரி.
என் படிவங்களில் எத்தனையோ கட்டம் காலி.
இது நிரம்பியிருந்தது.